முத்துவின் கயிற்றை யார் பிடிப்பது?

கேள்வி: அண்ணா, நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன், வங்கி வேலை. வீட்டில் 20 மாதமான ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது, பெயர் முத்து. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பதிவு, மைக்ரோசிப் எல்லாம் முடித்துவிட்டோம். கோவையில் ஒரு நாய் ஷோ, சேலத்தில் ஒரு ஷோ, இரண்டுக்கும் நானே கூட்டிப்போனேன். இரண்டிலும் இரண்டாம் இடம். முதலிடம் இரண்டு தடவையும் கோட் போட்ட ஹேண்ட்லர் பிடித்துவந்த நாய்க்கு. அதைவிட முத்துதான் அழகு என்று பக்கத்தில் நின்றவர்களே சொன்னார்கள். ஜட்ஜும் அந்த ஹேண்ட்லரும் சிரித்துப் பேசிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். இதெல்லாம் முன்கூட்டியே முடிவானதுதானா? மே மாதம் ஊட்டி ஷோவுக்கு முத்துவை ஒரு ஹேண்ட்லரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா? 14 வயது மகளோ நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். கடைசியாக ஒரு சின்ன சந்தேகம், சுடிதாரோடு ரிங்குக்குள் போகலாமா? சேலத்து வீடியோவை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அண்ணா என்று எழுதிவிட்டீர்கள், அதனால் நானும் உரிமையோடு ‘மா’ போட்டே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நானே கோட் போடுகிற ஆள்தான். 24 வருஷமாகக் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டு நாயை ரிங்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் சொந்தக் கட்சி கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்தேன்மா. வெறும் நாலு நிமிஷம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. வீடியோவை வைத்து ஒரு நாயை எடைபோடுவது சரியில்லை, கை வைத்துப் பார்க்காமல் தோள்பட்டையைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன், முத்து நல்ல நாய். தலை நன்றாக நீண்டிருக்கிறது, நெஞ்சு இறங்கியிருக்கிறது, மூக்கு சுத்தமான இளஞ்சிவப்பு. முதலிடம் வாங்கிய நாய்க்குத் தோள்பட்டை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, அதனால் முன்கால் எட்டிப்போகவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் தோற்றீர்கள்? வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பாருங்கள்.

முதலில் நிற்க வைக்கிற இடம். முத்துவின் பின்கால்கள் இரண்டும் வயிற்றுக்கு அடியில் வந்துவிட்டன. பின்கால் உள்ளே போனால் முதுகு வில்லாக வளையும், இடுப்பு சரியும், நல்ல நாய்கூடக் கூனன் மாதிரி தெரியும். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் முத்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் நாயை எப்படிப் பார்ப்போமோ அப்படி. ஜட்ஜ் நிற்பது பத்தடி தள்ளி, பக்கவாட்டில். அவருக்கு முகம் அப்புறம், முதலில் தெரிவது கோடு: கழுத்திலிருந்து முதுகு வழியாக வால் வரை ஒரே இழுப்பில் வரைந்த மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் அந்த ஹேண்ட்லர் என்ன செய்கிறார் பாருங்கள். குனிந்து, முழங்கையைப் பிடித்து முன்கால் இரண்டையும் தோளுக்கு நேர்கீழே வைக்கிறார், பின்காலைக் குதிகாலுக்கு மேலே பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்துவைக்கிறார், குதிகாலுக்குக் கீழே இருக்கிற பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு பார்வை. மொத்தம் ஆறு விநாடி. நிமிர்ந்த தோள்பட்டை நாய் நிற்கும்போது தெரியவே இல்லை, மறைத்துவிட்டார். அதற்குத்தான் எங்களுக்குக் காசு.

அடுத்தது ஜட்ஜ் கை வைக்க வருகிற இடம். இதைத்தான் நான் திரும்பத்திரும்பப் பார்த்தேன். அவர் இன்னும் நாலடி தூரத்தில் இருக்கும்போதே நீங்கள் கயிற்றை இறுக்கிவிட்டீர்கள், “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா” என்று உங்கள் குரல் வீடியோவில் கேட்கிறது. நாய்க்கு வார்த்தை புரியாது, ஆனால் கழுத்தில் இறுகுகிற கயிறும் மாறிப்போன குரலும் நன்றாகப் புரியும். ‘அம்மா பயப்படுறாங்க, வர்ற ஆள் சரியில்ல போல’ என்று அது முடிவு கட்டிவிடும். முத்து தலையை ஒதுக்கிக்கொண்டு உங்கள் காலுக்குப் பின்னால் போனது. ஜட்ஜ் பல்லை மட்டும் ஒருமாதிரி பார்த்துவிட்டு, முதுகில் கை வைத்தும் வைக்காமலும் நகர்ந்துவிட்டார். அவர் கைக்குத் தெரியவேண்டிய அந்த நல்ல தோள்பட்டை அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

மூன்றாவது ஓட்டம். நாய்க்கு நடுவேக ஓட்டம் இரண்டு மாதிரி உண்டு. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து போனால் டிராட், ஜட்ஜுக்கு வேண்டியது அதுதான். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போனால் பேஸ் என்போம், ஒட்டகம் போகிற மாதிரி உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நீண்ட கால் உள்ள நாயை மெதுவாகக் கூட்டிப்போனால் பேஸில் விழுந்துவிடும். நீங்கள் கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில் போனீர்கள்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போகும்போது முழுக்கப் பேஸ், திரும்பி வரும்போது கடைசி நாலு எட்டுதான் டிராட். அந்த நாலு எட்டைப் பார்த்துத்தான் நான் முத்து நல்ல நாய் என்று சொன்னேன், ஆனால் ஜட்ஜ் அந்த நேரம் ரிங்கில் அவருக்கு உதவியாக நிற்கிற ஸ்டீவார்டைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

கடைசியாக, எல்லா நாயையும் வரிசையாக நிற்க வைத்த பிறகு நீங்கள் மூச்சு விட்டீர்கள், முத்துவைத் தட்டிக்கொடுத்தீர்கள், வீட்டுக்காரரைப் பார்த்து லேசாகச் சிரித்தீர்கள். முத்து ஒரு காலை மடக்கி நின்றது. அந்த நேரத்தில்தான் ஜட்ஜ் ரிங்கின் நடுவிலிருந்து திரும்பி ஒரு தடவை கடைசியாக வரிசையைப் பார்த்தார். பக்கத்து ஹேண்ட்லர் கையில் ஈரல் துண்டை நாயின் மூக்குக்கு நேரே பிடித்தபடி, சிலை மாதிரி நிற்கிறார். ஜட்ஜ் கை நீட்டினார், முடிந்தது. ஜட்ஜ் கை நீட்டுகிற வரைக்கும் ரிங்கில் இருக்கிறோம் என்பதை எனக்கு என் குரு கத்திக்கத்திச் சொல்லிக்கொடுத்தார், அப்படியும் எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது.

சிரித்துப் பேசினார்கள் என்கிறீர்கள். ரிங்கில் ஜட்ஜ் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி நாய்க்கு என்ன வயது என்பது. உங்களிடமும் கேட்டார், நீங்கள் முத்துவைப் பிடிக்கிற பதற்றத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த ஹேண்ட்லர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இதனால் முகம் பார்த்துப் பரிசு போடுகிற ஜட்ஜே கிடையாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். உண்டு. எந்தத் தொழிலில்தான் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி பெரும்பாலும் அது பணமோ பேரமோ இல்லை, வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரு ஹேண்ட்லர் பத்து வருஷமாக நல்ல நாய்களையே ரிங்குக்குக் கொண்டுவருகிறார் என்றால், அவர் கயிற்றின் மறுமுனையில் இருக்கிற நாயை ஜட்ஜ் இரண்டாவது தடவை பார்ப்பார். உங்கள் நாயை முதல் தடவையிலேயே முடித்துக்கொள்வார். அநியாயம்தான். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: என்னிடம் வருகிற பத்து நாயில் நாலை நான் எடுப்பதே இல்லை, இது ரிங்குக்கு வேண்டாம், வீட்டில் சந்தோஷமாக வையுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆக என் கையில் நீங்கள் பார்ப்பதே சலித்தெடுத்த நாய்தான். அதோடு எந்த ஜட்ஜுக்கு எலும்புக் கனம் பிடிக்கும், எவர் ஓட்டத்தை மட்டும் பார்ப்பார், எவர் தலைக்கு மயங்குவார் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி எந்த ஷோவுக்கு எந்த நாய் என்று பிரித்து அனுப்புவேன். நீங்கள் பஸ் வசதி பார்த்து ஷோவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பரிசு ரிங்குக்கு வெளியிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டது ஒருவகையில் சரிதான், ஆனால் இப்படி.

ஒன்று கவனியுங்கள், நம்மூர் பெரிய ஷோக்களுக்கு வெளிநாட்டு ஜட்ஜுகள் வருவது வழக்கம். அவர்களுக்கு என் முகமும் தெரியாது, உங்கள் முகமும் தெரியாது. ராஜபாளையத்தையே அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள், இன விவரக் குறிப்பைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள். அந்த மாதிரி ரிங்கில் எது அழகாக நின்று அழகாக ஓடுகிறதோ அதுதான் ராஜபாளையம் என்று அவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

இந்தப் புலம்பல் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹேண்ட்லர் என்பது முழுநேரத் தொழில், வேன் நிறைய நாய், கூட உதவியாளர்கள், வாராவாரம் ஒரு ஊர். சொந்த நாயைப் பிடித்துவருகிறவர்கள் இதே மாதிரி குமுறிக் குமுறி, அங்குள்ள கென்னல் கிளப் 2009-இல் அமெச்சூர் உரிமையாளர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பே திறந்தது. காசுக்கு நாய் பிடித்தவர், ஹேண்ட்லரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர், ஜட்ஜ், இவர்களெல்லாம் அதில் கயிறு பிடிக்கக்கூடாது. 2013-லிருந்து உரிமையாளர்களுக்கு மட்டும் தனித் தொடரும் நடக்கிறது. இதைக் கேட்டதும் இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்பீர்கள். வந்தால் நல்லதுதான். ஆனால் அங்கே 1877-லிருந்து நடக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவைப் பாருங்கள். 2021-இல் ஷோவிலேயே சிறந்த நாய் என்று வென்ற வாசாபி என்கிற பெகினீஸைப் பிடித்துவந்தவர் அதை வளர்த்தெடுத்த, அதன் உரிமையாளர்களில் ஒருவரான மனிதர். 2024-இல் வென்ற சேஜ் என்கிற மினியேச்சர் பூடிலைப் பிடித்தவர் காஸ் ஹொசாகா, நாற்பது வருஷத்துக்கு மேல் அதே ஷோவுக்கு வந்துபோன தொழில்முறை ஹேண்ட்லர், அதோடு ஓய்வு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டு பேரில் யாரும் கற்றுக்குட்டி இல்லை, அதைத்தான் சொல்லவருகிறேன். சொந்த நாயைப் பிடித்து வென்ற அந்த மனிதர் அதே ஷோவில் 2012-இலேயே இன்னொரு பெகினீஸோடு வென்றவர். காசு வாங்காதவர் என்றால் பழகாதவர் என்று அர்த்தம் இல்லைமா. உங்களுக்கும் அந்தக் கோட்டுக்காரருக்கும் இடையில் இருப்பது பணம் இல்லை, பழகின மணி நேரம்.

சரி, கொடுக்கலாமா வேண்டாமா.

லாசா, பூடில், காக்கர் என்று முடி அதிகமுள்ள ஒரு இனத்தை எழுதியிருந்தால் யோசிக்காமல் கொடுங்கள் என்றிருப்பேன். முடி வெட்டி, சீவி, உலர்த்தி ரிங்குக்குத் தயார் செய்வது தனிக் கலை, வேலைக்குப் போகிற ஒருவரால் சும்மா ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட முடியாது. மூட்டுவலி இருந்து ஓட முடியாதவர்கள், வருஷம் பூராவும் ஊர் ஊராக அனுப்பி ரேங்க் சேர்க்க நினைக்கிறவர்கள், ரிங்குக்குள் போனாலே கை நடுங்கி அந்த நடுக்கம் அப்படியே கயிறு வழியாக நாய்க்கு இறங்குகிறவர்கள், இவர்களும் கொடுக்கலாம்.

ஆனால் உங்களிடம் இருப்பது ராஜபாளையம். இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஒரு வீட்டுக்கு, ஒரு ஆளுக்கு என்று இருக்கிற சாதி. லாப்ரடாரை என்னிடம் காலையில் கொடுத்தால் மத்தியானம் நான்தான் அதன் அப்பா. ராஜபாளையத்தை என் கென்னலுக்குக் கொண்டுவந்தால் முதல் இரண்டு மூன்று நாள் சோற்றை மோந்துகூடப் பார்க்காது, வாசலையே பார்த்துப் படுத்திருக்கும். அதற்கு என்னைப் பழக ஒரு மாதமாவது வேண்டும். பாதி ஹேண்ட்லர்கள் அதற்குப் பொறுமை இல்லாமல் ஷோவுக்கு முந்தின நாள் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், ஒரு பெரிய மனிதர் வீட்டு ராஜபாளையம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நாலு நாள் மட்டும் என்னிடம் இருந்தது. ரிங்கில் எனக்கு அடுத்து நின்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விவசாயி. வேட்டி, அரைக்கைச் சட்டை, காலில் டயர் செருப்பு. ஷோ கயிறுகூட இல்லை, பருத்திக் கயிற்றைத் திரித்துக் கழுத்தில் போட்டிருந்தார். நாய்க்கு எலும்பு கொஞ்சம் மெலிசு. நான் அவரை இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை, அது என் திமிர். ஜட்ஜ் வந்தார். என் நாய் அவர் கை நெருங்கியதும் உடம்பை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, வாலைக் காலுக்கிடையில் சொருகி, மெதுவாக உறுமியது. இரண்டாவது முறை முயற்சி செய்தேன், இன்னும் சத்தமாக உறுமியது. ஜட்ஜ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாய்க்குப் போனார். அந்த விவசாயி குனியவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. இடது கையை மட்டும் நாயின் பிடரியில் வைத்தார், வைத்தபடி வேறு எங்கோ தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய் மலை மாதிரி நின்றது. ஜட்ஜ் தலையிலிருந்து வால் நுனிவரை தடவிப் பார்த்தார், விதை இரண்டையும் பார்த்தார், பல்லைப் பார்த்தார், அது ஒரு இமைகூட அசைக்கவில்லை. பரிசு அவருக்கு. வெளியே வந்து என்னிடம், “தம்பி, ஒங்க நாய் நல்ல நாய்தான். நீங்கதான் அதுக்கு யாரோ” என்றார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அதனால் என் பதில்: ஊட்டிக்கு முத்துவை நீங்களே கூட்டிப்போங்கள். நானே இருந்தாலும் இப்போது வாங்கிக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இப்போது இருக்கிற மாதிரி போகாதீர்கள். மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, தினம் பத்து நிமிஷம் போதும், அதற்கு மேல் செய்தால் முத்துவுக்கே சலித்துவிடும். நிலைக்கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு நிற்க வையுங்கள். முதல் வாரம் முகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண்ணாடியில் கோட்டை மட்டும் பாருங்கள். முன்கால், பின்கால், கழுத்து, அந்த வரிசையில். ஐந்து விநாடி நின்றால் ஈரல் துண்டு, அப்புறம் பத்து, அப்புறம் முப்பது. காலை நகர்த்தினால் திட்டவேண்டாம், பேசாமல் எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள்.

ஓட்டத்துக்கு உங்கள் தெருவில் அறுபது எழுபது அடி சமதரை இருந்தால் போதும். நாய் எப்போதும் இடது பக்கம், உங்களுக்கும் ஜட்ஜுக்கும் நடுவில் அது இருக்கவேண்டும். நடந்து கிளம்பாதீர்கள், பேஸில் விழுவது அங்கேதான். நிற்கிற இடத்தில் கயிற்றை லேசாக மேலே தூக்கி, ஒரு சின்ன வட்டம் சுற்றி, அதே வேகத்தில் ஓட்டத்தைப் பிடியுங்கள். உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கிற வேகம்தான் முத்துவுக்குச் சரியான வேகம். ஆடினால் உடனே நிறுத்தி மறுபடி வட்டத்திலிருந்து தொடங்குங்கள். மகளை ஒரு முனையில் நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்தக் கால் எதோடு போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வேற்றுக் கை. பால்காரர், கேபிள்காரர், உங்கள் வங்கி சக ஊழியர்கள், கால்நடை டாக்டர், வாரம் மூன்று பேராவது முத்துவைத் தொடவேண்டும். உச்சந்தலையில் கை வைக்கச் சொல்லாதீர்கள், மேலேயிருந்து கை வந்தால் அதற்குப் பிடிக்காது. முன்னால் வந்து, தாடைக்குக் கீழே கொடுத்து, அப்புறம் தோள், முதுகு, பின்பக்கம். அப்போது கயிறு தொங்கிக்கொண்டிருக்கவேண்டும், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. “ஒண்ணுமில்லடா” என்கிற வார்த்தையை மே மாதம் வரை வீட்டிலேயே தடை செய்துவிடுங்கள். பிடரியில் ஒரு கை, அது போதும், அந்த விவசாயி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிப்போங்கள், ஒருநாள் பிரியாணிக் கடைப் பக்கம். திண்டுக்கல்லில் பிரியாணி வாசனையில் ஆடாமல் நின்றுவிட்டால் எந்த ரிங்கிலும் நிற்கும்.

ஈரலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோழி ஈரலை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அடுப்பில் சுருள வாட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். குழம்பில் போட்டதை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்.

ஊட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு கலைக் கல்லூரி மைதானம், காலையில் புல் நனைந்திருக்கும், திண்டுக்கல் வெயிலில் வளர்ந்த குட்டை முடி நாய்க்கு அந்தக் குளிரில் உடம்பு தானாகக் குறுகும், முதுகு மறுபடியும் வில்லாகும். ஒரு போர்வை கொண்டுபோய், ரிங்குக்குக் கூப்பிடுகிற நிமிஷம் வரை போர்த்தியே வைத்திருங்கள். முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கி, அந்தப் புல்லில் கொஞ்சம் ஓடவிடுங்கள். குளிப்பாட்டுவது இரண்டு நாள் முன்னால். வெள்ளை நாய் என்பதால் சிலர் பவுடர் போடச் சொல்வார்கள், வேண்டாம், ஜட்ஜ் கையில் ஒட்டினால் உங்களுக்குத்தான் அவமானம். நகத்தை மட்டும் இப்போதிலிருந்தே வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், வீடியோவில் முன்கால் நகம் நீளமாகத் தெரிந்தது, அதனால் பாதம் விரிந்து நிற்கிறது.

வீட்டுக்காரர் ஹேண்ட்லருக்கென்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, கோவையிலோ மதுரையிலோ உங்களுக்குப் பிடித்த ஹேண்ட்லர் ஒருவரிடம் போய், நாயைப் பிடிக்கவேண்டாம், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். நாலைந்து வகுப்பு போதும். பெரும்பாலும் சம்மதிப்போம், எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் வருமானம் வேண்டுமே. அந்தச் சேலத்துக் கோட்டுக்காரரிடமே கேட்டுப்பாருங்கள், உங்கள் கோபம் ஆறியிருந்தால்.

ஊட்டிக்குப் பிறகும் ஹேண்ட்லர்தான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது கொடுக்கும் முன் அவருடைய கென்னலைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். ஒரு ஷோவுக்கு எத்தனை நாய் கொண்டுபோகிறார், இரண்டு ரிங்கில் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் முத்துவை யார் பிடிப்பார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். நானே ஒருநாளில் ஐந்தாறு நாய் ஓட்டுகிறேன், மோதும்போது காசு அதிகம் கொடுக்கிறவர் நாய்க்கு நான் போவேன், மற்றதற்கு என் பையன் போவான். இதை எந்த ஹேண்ட்லரும் தானாகச் சொல்லமாட்டார். ரிங் கட்டணம், தங்கல் செலவு, பயணப் பங்கு, ஜெயித்தால் தரவேண்டியது, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் விஷயம். பல ஷோக்களில் ஜூனியர் ஹேண்ட்லிங் என்று பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி உண்டு. அதில் நாயைப் பார்க்கமாட்டார்கள், பிள்ளை எப்படிப் பிடிக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 14 வயது அதற்குச் சரியான வயது. ஆனால் முத்து வளர்ந்த ஆண் நாய், பக்கத்து ஆண் நாய் முறைத்தால் அவளால் இழுத்து நிறுத்த முடியுமா என்று முதலில் வீட்டில் பாருங்கள், முடியாதென்றால் இந்த வருஷம் பயிற்சி மட்டும், போட்டி அடுத்த வருஷம். முத்துவுக்குச் சோறு வைப்பது அவள் என்று எழுதியிருந்தால் இந்தப் பதிலையே மாற்றி எழுதியிருப்பேன். யார் வைக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே நீங்கள்?

சுடிதார் தாராளமாகப் போடலாம். துப்பட்டா மட்டும் வேண்டாம், ஓடும்போது அது முத்து முகத்தில்தான் போய் அடிக்கும். சேலத்திலும் ஒரு தடவை அடித்தது, பாருங்கள். முத்து வெள்ளை, ஆகவே நீங்கள் வெள்ளையோ வெளிர் நிறமோ போட்டால் நாயின் கோடு உங்கள் உடையில் கரைந்துவிடும். கருநீலம், மெரூன், அடர் பச்சை நல்லது. செருப்பு வேண்டாம், ஊட்டிப் புல்லில் வழுக்கும், ஷூ போடுங்கள். கை வளையல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சத்தம் கேட்டால் நாய் திரும்பும். அப்புறம் தையல்காரரிடம் கொடுத்து ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள், எதற்கு என்று கேட்பார், ஈரல் வைக்க என்று சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார். வலது பக்கம் வைக்கச் சொல்லுங்கள், இடது பக்கம் வைத்தால் முத்து ஓட்டம் பூராவும் உங்கள் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வரும்.